அரைப் பென்னி

கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை.
காற்று ஊதிய கையுறையை விளக்கில் பிடித்து
ஊசிமுனை ஓட்டை தேட வேண்டும்.
மணிக்கு முந்நூறு கை வரும்,
ஒன்றிலும் ஆள் இருக்காது.

பகலில் அதே கண்ணால்
ஸ்காட்லாந்துத் தபால் உறைகளைப் பார்க்கிறேன்.
உறை என்று சொல்வதே தப்பு.
தாளை மடித்து, அரக்கு வைத்து,
அதன் முதுகிலேயே முகவரி எழுதிய காலம்.
தபால் தலை அப்போது பிறக்கவில்லை.

சிலிம் ரிவர் பாசார் மாலாமில்
பழைய சாமான் விற்கும் ஆ கியோங்
பிஸ்கட் டின்னோடு அறுபது வெள்ளி சொன்னான்.
துரை பங்களாவை இடித்தபோது
பரணில் கிடைத்ததாம்.
நாற்பதுக்கு முடிந்தது.
இருபத்தாறு கடிதம், ஒரு செத்த பல்லி.

உள்ளே எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை.
ஒன்றே ஒன்று படித்தேன்:
பசு செத்துவிட்டது, ஓட்ஸ் விலை ஏறிவிட்டது.
வெளிப்பக்கம் எனக்குப் போதும்.
சின்ன வட்டம், குறுக்கே கோடு,
மேலே நாள், கீழே மாதம்,
மருதாணி காய்ந்த நிறத்தில் மை.
ஆண்டு போட எவனுக்கும் தோன்றவில்லை.
அதனால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம்
ஆண்டு தேடப் போகின்றன.

பிறகு அந்த ½.
பதினோரு கடிதத்தில் கறுப்பாகக் குத்தியிருந்தது.
அரை அவுன்ஸ் எடையா?
அரைத் தாளா?
அரை நாள் தாமதமா?
நான்கு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு
கடைசியில் ஒரு பழைய சட்டத்தில் பிடித்தேன்:
நான்கு சக்கர வண்டியில் ஏறிய கடிதத்துக்கு
அரைப் பென்னி கூடுதல்.
சக்கரம் பாதையைத் தேய்க்கிறதாம்.
இரண்டு சக்கரம் என்றால் காசில்லை.

சிரித்துவிட்டேன்.
அப்பாவின் சம்பளச் சீட்டிலும்
வாளிக்குப் பிடித்தம், உளிக்குப் பிடித்தம்,
மழை பெய்த நாளுக்குப் பிடித்தம்.
ஒரே வித்தியாசம்,
அங்கே பிடித்ததை முத்திரை குத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் கடிதம் முரண்டு செய்தது.
கட்டத்துக்குள் ஊர்ப்பெயர், அடியில் மைல் கணக்கு,
அது லண்டனிலிருந்தா எடின்பரோவிலிருந்தா
இன்னும் தீரவில்லை.
முத்திரை சாய்ந்து விழுந்ததில்
கடைசி எழுத்துக்குப் பாதிக் கால்தான்.
லென்சை நகர்த்தி நகர்த்தி
வாய்விட்டுக் கூட்டினேன்.
ஆக்டர்மார்.
ஆக்டமார்.
ஆக்கமார்.

நான் பிறந்தது அக்காமார் தோட்டத்தில்.
பிறப்புப் பத்திரத்தில் கிராணி
காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.
ஏழு அக்காமார் ஆற்றோரமாக வந்தார்களாம்,
மழைக்கு ஒதுங்கினார்களாம்,
திரும்பிப் போகவே இல்லையாம்.
லயம் போய்ச் செம்பனை வந்த பிறகும்
ஏழு கல் அங்கேயே இருக்கிறது.
ஆடியில் மஞ்சள் பூசிக் கோழி அறுப்போம்.
என் காதுகுத்தும் அங்கேதான்.

வெள்ளிக்கிழமை நகலை எடுத்துக்கொண்டு போனேன்.
தவநேசன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி,
வாரத்தில் ஒருநாள் பூசாரி.
திருநீற்றுக் கையைத் துடைத்துவிட்டு
நகலைத் தலைகீழாகவும் பார்த்தான்.
துரை ஊர்ப் பெயரை நம்ம வாய் மாற்றியிருக்கு,
அதற்குப் பிறகுதான் கல் வந்திருக்கணும் என்றேன்.
கோபிப்பான் என்று நினைத்தேன்.
"அப்போ அக்காங்க கப்பல்ல வந்திருக்காங்க," என்றான்.
"அந்த அரைக்காசு கட்டினாங்களா?"

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன்.
முன்னும் பின்னும், மடிப்புக்குள்ளும்.
பத்தொன்பதில் ½ இல்லை.
இரண்டு சக்கர வண்டியோ, குதிரையோ,
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
யாரோ ஒருத்தர் நடந்தேவோ.
குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டு
கீழே இடம் விட்டேன்.
ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ்.